கன்று வீசிய மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை: கம்பத்தில் பட்ட பாடு

கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போக அறுவடையும் வடகிழக்கு மழையும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். வயலில் இருந்த எலியெல்லாம் வைக்கோல் படப்புக்குக் குடிவந்துவிடும், தொழுவத்தைச் சுற்றி ஈரமும் காயாது. அந்த நேரத்தில் ஏழு மாதச் சினை மாடு கன்று வீசினால், அதாவது குறைமாதத்தில் கரு கலைந்து விழுந்தால், சூடு, திருஷ்டி என்று விட்டுவிடாதீர்கள். எலிக்காய்ச்சல், புரூசெல்லா (மாட்டுக்குக் கருவைக் கலைக்கும் இன்னொரு கிருமி நோய்) இரண்டுக்கும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். இரண்டுமே மாட்டிடமிருந்து மனுசனுக்கு வருபவை.

கால்நடை மருத்துவர் வந்து கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்தது வரைக்கும் சிக்கலே இல்லை. ஆய்வுக்கூடத்து மேஜையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. படிவத்தில் மருத்துவர் கையெழுத்து, மாட்டின் வயது, சினை மாதம் எல்லாம் இருக்கிறது, காது வில்லையின் 12 இலக்க எண் மட்டும் இல்லை. வில்லை எப்போதோ காதைக் கிழித்துக்கொண்டு விழுந்துவிட்டது. "டேக் நம்பர் இல்லாம சிஸ்டத்துல ஏத்த முடியாதுண்ணே" என்று படிவத்தைத் தள்ளிவிட்டார்கள். அதுவரைக்கும் மாதிரியைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லிக் கெஞ்சியும் வாங்கவில்லை. கடைசியில் சினை ஊசி போட்ட பதிவேட்டிலிருந்து பழைய எண்ணை மருத்துவர் தேடிக் கொடுத்தபிறகுதான் வேலை நடந்தது. வில்லை விழுந்தால் அன்றைக்கே வேறு போட்டுக்கொள்ளுங்கள். எண்ணைத் தொழுவச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

அவ்வளவு நேரம் தாமதமாகியும் மாதிரி கெடாததற்குக் காரணம் சீரமாக, அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீராக, பிரித்து எடுத்துப் போனதுதான். சிவப்பு மூடிக் குழாயில் எடுக்க வேண்டும், ஊதா மூடி இதற்கு ஆகாது. எடுத்தவுடன் ஐஸில் போடக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் சாய்த்து நிழலில் வைத்தால் ரத்தம் உறைந்து மேலே மஞ்சளாகத் தெளியும். அந்தத் தெளிவை மட்டும் சின்னக் குப்பியில் மாற்றி, அதன்பிறகு ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். உறைந்த ரத்தத்தோடு பஸ்ஸில் கொண்டுபோனால் குலுங்கிச் சிவந்துவிடும், சிவந்ததை ஆய்வுக்கூடத்தில் கழித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை கொண்டுபோகவே போகாதீர்கள்.

படிவத்தில் "கருச்சிதைவு" என்று மட்டும் எழுதினால் புரூசெல்லாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தட்டில் ஒரு சொட்டு சீரமும் ஒரு சொட்டு மருந்தும் கலந்து நான்கு நிமிடத்தில் திரிகிறதா என்று பார்க்கிற சோதனை. எலிக்காய்ச்சல் சோதனைக்கு உயிருள்ள கிருமியை வளர்த்து வைத்திருக்க வேண்டும், எல்லா இடத்திலும் அந்த வசதி கிடையாது, மேலே அனுப்புவார்கள். அதனால் நோயின் பெயரை எழுதிக் கேட்க வேண்டும். கிடேரியாக இருந்தபோது, நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள், புரூசெல்லா தடுப்பூசி போட்டிருந்தால் அந்தத் தேதியையும் எழுதுங்கள். ஊசியாலேயே சோதனை 'பாசிட்டிவ்' காட்டுவதுண்டு.

முதல் தாள் 'நெகட்டிவ்' என்று வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். அது புரூசெல்லாவுக்கான பதில்தான். எலிக்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது ரத்தம் கொடுத்தால்தான் விளங்கும். அதைக் கொண்டுபோனபோது "அதான் குடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?" என்று திருப்பி அனுப்பினார்கள். படிவத்தின் தலையில் "இணை மாதிரி, இரண்டாவது" என்று மருத்துவர் எழுதி, முதல் மாதிரியின் எண்ணையும் குறித்துக் கொடுத்த பிறகு மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு முதலில் 1:100, இரண்டாவதில் 1:800. நான்கு மடங்கு ஏறினாலே புதிதாக வந்த தொற்று என்று அர்த்தம். அலைச்சலெல்லாம் அந்தத் தாளைப் பார்த்ததும் போய்விட்டது. ஒன்று மட்டும் கவனம்: கிருமியின் சில வகைகளில் கன்று வீசும்போதே அளவு இறங்கிவிட்டிருக்கும், அதனால் குறைந்த அளவு வந்தாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

இனி மருந்து மருத்துவர் பாடு, தரை நம் பாடு. இந்தக் கிருமி மூத்திரத்தில் வெளியேறி ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். வெயில் பட்டு ஈரம் காய்ந்தால் செத்துவிடும். எலியை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை, தேறிய மாடே மாதக்கணக்கில் மூத்திரத்தில் கிருமியை விடும். தொழுவத்து மூத்திரம் ஓடிச் சேரும் குட்டையில் பக்கத்து மாடு வாய் வைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கே வாய்க்காலும் தொழுவமும் ஒட்டியே இருப்பதால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான். தரைக்குச் சரிவு கொடுத்து மூத்திரத்தைத் தனிக் குழிக்குத் திருப்ப வேண்டும். படப்பைத் தரையிலிருந்து தூக்கி, தொழுவத்தை விட்டுத் தள்ளிப் போட வேண்டும். பிளீச்சிங் பவுடரைச் சாணிமேல் தூவினால் வீண். சாணியை வழித்துக் கழுவிய பிறகு போட வேண்டும்.

வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வாய்க்காலில் எறிகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து விடுங்கள். கையுறை போட்டு, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். புதைக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். கன்றின் வயிற்று நீரும் சிறுநீரகமும் சோதனைக்கு உதவும். கர்ப்பிணிகள் கிட்டவே வரக் கூடாது. அந்த மாட்டுப் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது.

வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதல் பேச்சாக "வீட்டில் மாடு கன்று வீசியது" என்று சொல்லுங்கள், மாட்டின் சோதனைத் தாளையும் காட்டுங்கள்.