பாப்பாவின் மூச்சை எண்ணிய எட்டு நாள்

நவம்பர் 12, 2024, செவ்வாய்

பாப்பாவுக்கு நான்கு மாதம், எடை 6 கிலோ. காலையிலிருந்து மூக்கு ஒழுகுகிறது. பெரியவன் எல்.கே.ஜி.யிலிருந்து கொண்டுவந்த சளி.

இந்த வயதில் மூச்சு பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். அது அடைத்தால் காம்பைப் பிடித்துச் சப்ப முடியாது. அதனால் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு சலைன் (உப்புக் கரைசல்). ஒரு நிமிடம் கழித்து ரப்பர் பல்பால் உறிஞ்சல். பல்பை வெளியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் மூக்கில் வைக்க வேண்டும். மூக்கில் வைத்து அமுக்கினால் சளி உள்ளே போய்விடும். அடிக்கடி உறிஞ்சினாலும் உள்தோல் வீங்கி அடைப்பு கூடும்.

அத்தை பாசத்தோடுதான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா ஆகும். கற்பூரம் சேர்ந்த தைலம் கைக்குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரலாம். தேன் ஒரு வயதுவரை கூடாது. பொறுமையாகச் சொன்னதும் கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டார். பெரியவனுக்கு வாங்கிய சளி சிரப்பையும் தொடவில்லை. குளோர்பெனிரமைன், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது.

நவம்பர் 14, வியாழன்

மூன்றாம் நாள். இருமல், 101 டிகிரி காய்ச்சல்.

பாராசிட்டமால் கொடுக்கும்போது பாட்டிலை இரண்டு முறை படிக்க வேண்டும். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாப்பாவுக்கு 90 மி.கி., அதாவது சொட்டு மருந்தில் 0.9 மி.லி. சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி.யைச் சொட்டு பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். வீட்டில் இரண்டு பாட்டிலும் இருந்தால் ஒன்றை எடுத்து வேறு அறையில் வையுங்கள்.

மாலை 6 மணிக்குத் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினோம்: 56. கைக்குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு ஓடும், அதனால் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50ஐத் தொட்டாலே வேகமான மூச்சு. இரவு 9 மணிக்கு 64. விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது, மூக்கு விடைக்கிறது. பத்து நிமிடம் குடிப்பவள் இரண்டு நிமிடத்தில் வாயை எடுத்து அழுகிறாள். காலையிலிருந்து மூன்றே டயப்பர்தான் நனைந்திருக்கிறது.

எங்களைக் கிளம்ப வைத்தது பால்தான். வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சு நின்று நின்று வந்தாலோ, முனகினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ நேராக 108.

நவம்பர் 15, வெள்ளி

ஆஸ்பத்திரியில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 89 சதவீதம். பிராங்கியோலைட்டிஸ் என்றார் டாக்டர். ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ் நுரையீரலின் மிகச் சிறிய குழாய்களை வீங்க வைத்துச் சளியால் அடைத்துவிடும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் இல்லை. அடைப்புக்குக் காரணம் வீக்கமும் சளியும். ஆஸ்துமா போலக் குழாய் இறுகுவதால் அல்ல. அதனால் நெபுலைசர் மருந்தும் இதில் பெரிதாக உதவாது. 'மருந்தே கொடுக்கவில்லையே' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஆக்சிஜனும் பாலும்தான் இங்கே மருந்து.

சாதாரண ஆக்சிஜன் குழாயில் மூச்சு அடங்காததால், வேகமாகக் காற்றைச் செலுத்தும் ஹை ஃப்ளோ வைத்தார்கள். கிலோவுக்கு 2 லிட்டர் கணக்கில் நிமிடத்துக்கு 12 லிட்டர், ஈரமும் 37 டிகிரி செல்சியஸ் சூடும் ஏற்றிய காற்று. இதில் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. குழாயில் சேரும் நீர் மூக்குக்குள் வழியாதபடி குழாய் குழந்தையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். தண்ணீர்ப் பை காலியாகப்போகிறது என்றால் சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 16, சனி

ஐந்தாம் நாள். மூன்றிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் உச்சம் என்று தெரிந்திருந்தும் இன்றைய இரவு தாங்க முடியவில்லை.

இந்த வேகத்தில் மூச்சு விடும்போது வாயால் பால் கொடுத்தால் புரையேறும். அதனால் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.லி., ஒரு நாளைக்கு 600. சாதாரணமாக இதைவிட அதிகம் தேவை. நோயில் உடம்பு நீரைத் தேக்கிக்கொள்ளும் என்பதால் குறைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சிஸ்டர் பார்த்த பிறகுதான் பால். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு உயர்த்திப் பிடித்தால் பால் தானாக இறங்கும். அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும். ஹை ஃப்ளோ காற்றால் வயிறு உப்பினால் இரைப்பைக் குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றுவார்கள்.

பாலைப் பீய்ச்சுவது அம்மாவின் வேலை. நாளைக்கு எட்டு முறை, இரவில் ஒன்றாவது விடாமல். இரண்டு நாள் விட்டால் சுரப்பு குறைந்துவிடும். குழந்தை தேறிச் சப்ப வரும்போது பால் இருக்காது. பீய்ச்சிய பால் குளிர்ந்த அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நேராக ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிடுவதே நல்லது. அம்மா தயிர் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி கூடும் என்று பத்தியம் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை. அம்மா பட்டினி கிடக்கக் கூடாது.

அலாரம் அடித்தால் முதலில் திரையைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். நிறமும் மூச்சும் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் சாச்சுரேஷனை அளக்கப் பாதத்தில் கட்டிய புரோப் நழுவியிருக்கும், அல்லது கால் சில்லிட்டிருக்கும். நிறம் மங்கினால் உடனே குரல் கொடுங்கள். சங்கடப்படவே வேண்டாம்.

சிறுநீரை அளக்க, நனைந்த டயப்பரை எடைபோட்டுக் காய்ந்ததன் எடையைக் கழிக்கிறார்கள்: ஒரு கிராம் ஒரு மி.லி. இன்று மணிக்கு 6 மி.லி.க்கு மேல் வந்திருக்கிறது. அந்தத் தாளை எத்தனை முறை படித்தேனோ.

நவம்பர் 18, திங்கள்

12 லிட்டர் எட்டாகி, நேற்று சாதாரணக் குழாய். இன்று காலை அதுவும் இல்லை. தூக்கத்தில்தான் சாச்சுரேஷன் இறங்கும் என்பதால் தூங்கும் நேரமும் சேர்த்துப் பல மணி நேரம் பார்த்தார்கள். 94. மதியம் நேராக மார்பில். நாலு நிமிடம் குடித்து, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொன்னார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

வீடு. இருமல் மூன்று வாரம்வரைகூட இழுக்கலாம். சாம்பிராணி, கொசுவத்தி, சிகரெட் எதன் புகையும் கூடாது. பெரியவன் சோப்பு போட்டுக் கை கழுவாமல் தங்கச்சியைத் தொடக் கூடாது; இந்த வைரஸ் கையில் சிறிது நேரமும் பொம்மையில் மணிக்கணக்கிலும் உயிரோடிருக்கும். பார்க்க வருகிறவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டோம்.

இரவு 9 மணி: தூக்கத்தில் மூச்சு 42. மதியத்திலிருந்து நாலு டயப்பர். வலது பக்கம் பன்னிரண்டு நிமிடம் குடித்தாள்.