கடலுக்கு மேல் திருவாதிரை

நேற்று ராத்திரி தேவனாம்பட்டினம் கடற்கரையில் மகள் ஈர மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். மார்கழிக் குளிர். கிழக்கே கடலுக்கு மேல் திருவாதிரை செக்கச்சிவப்பாக ஏறியிருந்தது. "கருந்துளைன்னா இந்த மாதிரி ஓட்டையாப்பா?" என்று கேட்டாள்.

ஓட்டை இல்லை கண்ணு, அளவுக்கு மீறி நெருக்குண்ட பொருள். விண்மீன் எரியும்வரை உள்ளிருக்கும் வெப்பம் வெளியே தள்ளும், ஈர்ப்பு உள்ளே இழுக்கும். பெரிய விண்மீனின் மையம் இரும்பாகிவிட்டால் அப்புறம் எரிந்து ஆற்றல் தர எதுவும் இல்லை. ஒரு நொடிக்குள் மையம் சரிந்துவிடும். மிஞ்சுவது எடையில் சூரியனைப்போல் சுமார் 3 மடங்குக்கு மேல் இருந்தால், அதைத் தாங்கிப் பிடிக்க எந்த விசையும் கிடையாது. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிகூட வெளியே வர முடியாது. அதுதான் கருந்துளை.

"திருவாதிரையும் அப்படி ஆகுமா?" ஒருநாள் வெடிக்கும். ஆனால் பெரும்பாலும் கருந்துளை ஆகாது; நியூட்ரான் விண்மீன்தான், அதாவது கருந்துளை ஆகும் அளவுக்குச் சரியாமல் நெருக்குண்டு நிற்கும் மையம்தான், மிஞ்சும்.

அப்புறம் வானியற்பியல் விஞ்ஞானி சந்திரசேகர் கதையைச் சொன்னேன். 1930-இல், சென்னையில் படித்து முடித்த 19 வயதுப் பையன், இங்கிலாந்து போகும் கப்பலில் உட்கார்ந்து போட்ட கணக்கு: எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் செத்த விண்மீன் வெள்ளைக் குள்ளனாக, அதாவது எரிந்து தீர்ந்து சுருங்கிய சின்ன விண்மீனாக, நிலைக்க முடியாது. நோபல் பரிசு வந்தது 1983-இல்! சொல்லும்போதே எனக்குக் குரல் தழுதழுத்தது.

அவள் கடலைப் பார்த்து, "கப்பல்லயேவா?" என்றாள்.