வஞ்சிரம் இல்லை, ஆனால் 200

மாமாவின் மீன் கடைக்கு இணையதளம் வேண்டாம் என்று அன்றே தலைபாடாக அடித்துக்கொண்டேன். விடிவதற்குள் காசிமேட்டு ஏலத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற மனிதருக்கு ஆன்லைன் ஆர்டர் எதற்கு? கேட்டால்தானே. அத்தையின் அக்கா மகனுக்கு நண்பனாம், கல்லூரி இறுதியாண்டாம், காசில்லாமல் செய்து தருவானாம். செய்தான். பெங்களூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். போன் எடுப்பதில்லை.

"நீ கம்ப்யூட்டர்தானே படித்தாய்?" என்பது எங்கள் வீட்டில் பணி நியமன உத்தரவு. இதே உத்தரவின் பேரில்தான் அத்தையின் மிக்ஸியையும் நான் கழற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பமே ஆட்டோவில் வந்து இறங்கியது. புது மாப்பிள்ளைக்கு விருந்து. ஆறு கிலோ வஞ்சிரத்துக்கு 'உங்கள் ஆர்டர் ஏற்கப்பட்டது' என்று வந்திருப்பதைப் பெண்ணின் அப்பா கைபேசியில் நீட்டிக் காட்டுகிறார். மாதமோ மே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. பைபர் படகுக்காரர்கள் கரையோரத்தில் வலை போட்டுக் கொண்டுவந்த நெத்திலியும் காரப்பொடியும்தான் மாமாவின் பெட்டியில் இருந்தன. மாப்பிள்ளை இலையில் காரப்பொடி வைத்தால் பெண் அன்றைக்கே பெட்டியோடு திரும்பிவிடும் என்கிறார் பெரியவர். மாமா விடாமல் காரப்பொடியின் குணநலன்களை விளக்கத் தொடங்க, தெருவே கூடிவிட்டது.

நான் உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தேன். பிழைப் பதிவில் ஒரு வரி இல்லை. பிஎச்பி மொழியின் ஸ்லிம் ஃப்ரேம்வொர்க்கில் எழுதியிருந்தான். சரக்கு இல்லையென்றால் 409 என்கிற பிழை எண்ணை அனுப்ப வேண்டும் என்கிற விவரமும் பையனுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஆனால் சர்வரின் பதிலை அப்படியே காட்டும் கர்ல் கருவியில் தலைப்புகளோடு எடுத்துப் பார்த்தால், மேலே 200, அதாவது 'எல்லாம் சரி', கீழே உள்ளடக்கத்தில் 'வஞ்சிரம் இருப்பில் இல்லை'. இணையப் பக்கத்துக்குள் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் அந்த 200-ஐ மட்டும் பார்த்துவிட்டு, கீழே எழுதியிருப்பதைப் படிக்காமலேயே ஆர்டர் ஏற்கப்பட்டதாக ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தது.

பிஎச்பிக்காரர்கள் 2015-இல் வகுத்த பிஎஸ்ஆர்-7 என்கிற பொது விதிப்படி, சர்வர் அனுப்பும் பதிலைத் தாங்கும் ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட் மாறாது. எண்ணை மாற்றச் சொல்லி வித்ஸ்டேட்டஸ் என்கிற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பழையதைத் திருத்தாது. 409 போட்ட புதிய ஒன்றைக் கையில் கொடுக்கும். பையன் கூப்பிட்டிருக்கிறான், கொடுத்ததை வாங்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் திருத்திய நகலை மேசையிலேயே விட்டுவிட்டுப் பழைய தாளோடு வீட்டுக்கு வந்த கதை. உள்ளடக்கம் மட்டும் எப்படி மாறியது என்றால், அது ஸ்ட்ரீம். அதில் இருந்த இடத்திலேயே எழுதலாம். மாறாது என்று சத்தியம் செய்துவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த மகானுபாவர்கள் பெரம்பூர் சம்பந்தி முன்னால் வந்து நின்று விளக்கட்டும். வாங்காமல் விட்டதற்கு பிஎச்பி ஒரு முணுமுணுப்புகூட காட்டுவதில்லை. அப்படி எச்சரிக்கும் வசதி பிஎச்பியின் 8.5 பதிப்பில்தான் வந்தது, அதுவும் ஃபங்ஷனை எழுதியவர் கேட்டு வைத்திருந்தால்தான். மாமாவின் சர்வரில் ஓடுவது 7.4.

கொடுத்ததை வாங்கிக்கொள்ள, அந்த வரியின் முன்னால் வேரியபிள் பெயரும் ஒரு சமக்குறியும் சேர்த்தேன். 409 வந்தது. வெளியே வந்து சொன்னேன்.

"ஒரு சமக்குறிக்கா இவ்வளவு நேரம் உள்ளே இருந்தாய்?" என்றார் மாமா. பெரம்பூர்க்காரர்கள் அதற்குள் நெத்திலியும், கேரளாவிலிருந்து ஐஸில் வந்த ஏதோ ஒரு மீனும் வாங்கிப் போய்விட்டிருந்தார்கள். அது வஞ்சிரம் என்று மாமா சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவரும் 200 அனுப்புகிற ஜாதி.

செவ்வாய்க்கிழமை போன். "என்ன செய்து வைத்தாய்? ஒரு ஆர்டர்கூட வரவில்லை."

"மீன் இல்லை மாமா. இல்லை என்று சொல்கிறது."

"முன்பு ஆள் நேரில் வந்து சண்டை போடுவான். சண்டை முடிந்ததும் கையிலிருப்பதை விற்றுவிடுவேன். இப்போது சண்டைக்கும் ஆளில்லை. பழையபடி மாற்று."

மாற்ற மாட்டேன் என்றேன். தடை முடியும்வரை மட்டும் என்று கெஞ்சினார். அத்தை போனை வாங்கி, மிக்ஸி மறுபடியும் சுற்றவில்லை என்றாள். சமக்குறியை எடுத்துவிட்டேன். புகார் எண் என்று தளத்தில் என் கைபேசி எண்ணை மாமா போடச் சொல்லியிருக்கிறார் என்பது, நேற்று மாதவரத்திலிருந்து ஒருவர் என்னைத் திட்டியபோதுதான் தெரிந்தது.