ஒரு கிமோனோ, நான்கு ஓபிகள்

டோக்கியோவுக்குக் குடிவந்த மூன்றாம் ஆண்டில், உடன் பணிபுரியும் தோழியின் திருமண விருந்துக்கு அழைப்பு வந்தபோது, என்னிடம் இருந்தவற்றுள் விலை கூடிய கிமோனோவையே உடுத்துவது என்று முடிவு செய்திருந்தேன். அது அமாமித் தீவில் நெய்யப்படும் ஓஷிமா ட்சுமுகி. மரச்சாற்றிலும் சேற்றிலும் மாறி மாறித் தோய்த்துக் கறுப்பேற்றிய பட்டு நூலால் ஆனது. பழைய துணிச் சந்தையில் வாங்கியதென்றாலும் கணிசமான தொகை கொடுத்திருந்தேன். கிமோனோ உடுத்தக் கற்றுத்தரும் ஆசிரியையிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் இரு விரல்களுக்கிடையே துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மிக நல்ல துணி. இதை உடுத்திக்கொண்டு நீங்கள் கடைத்தெருவுக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போக வேண்டாம்" என்றார்.

பட்டு என்றாலே விசேஷத்துக்கு என்று எண்ணி வளர்ந்த எனக்கு அது புரியச் சில நாட்கள் ஆயின. கிமோனோவின் தரவரிசையை விலை தீர்மானிப்பதில்லை. நூலுக்கு முதலில் சாயம் ஏற்றிப் பிறகு நெய்தால் அது அன்றாட உடை. வெள்ளைப் பட்டாக நெய்து முடித்த பின் சாயமோ ஓவியமோ இட்டால் அது சபைக்குரிய உடை. விற்பனைக்கு ஆகாத கூடுகளிலிருந்து இழுத்த நூலில் நாட்டுப்புறத்தார் தமக்கென நெய்துகொண்ட துணியாகத் தொடங்கியதால், ட்சுமுகி இன்று எத்தனை லட்சம் யென்னுக்கு விற்றாலும் அந்தப் பிறப்பு அதை விடுவதில்லை. இடுப்பில் கட்டும் ஓபிக்கு மட்டும் இந்த விதி தலைகீழாகிறது: கியோட்டோவின் நிஷிஜினில் பொன்னிழை கலந்து நெய்யப்படும் ஓபி, சாயமிட்ட ஓபியைவிட உயர்ந்தது.

அதற்கு மேல் உள்ளதெல்லாம் அந்தக் கூட்டத்தில் உடுத்துபவர் யார் என்பதைப் பொறுத்தது. கல்யாணத்தில் மணமக்களின் தாய்மார் உடுத்தும் குரோதொமெசோதே முழுக் கறுப்பாக, ஐந்து குலச்சின்னங்களோடு, இடுப்புக்குக் கீழே மட்டும் சித்திரம் கொண்டதாக இருக்கும். மணமாகாத பெண்களுக்கு நீண்ட கை தொங்கும் ஃபுரிசோதே. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை, வயது வந்தோர் நாளன்று, ரயில் நிலையங்கள் எங்கும் அந்தக் கைகள்தாம் அசைந்துகொண்டிருக்கும். விருந்தினராகச் செல்பவர்களுக்கு ஹோமோங்கி ஏற்றது. அதன் ஓவியம் தையல்களைத் தாண்டி ஒரே படமாக ஓடும். மணமகளின் தாயைவிட எடுப்பாகத் தெரியாமல் இருப்பது விருந்தினரின் கடமை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லோரும் கவனிக்கிறார்கள்.

இவை ஒவ்வொன்றையும் வாங்கி அடுக்க என் வருமானமும் அலமாரியும் இடம் தரவில்லை. ஆகவே ஆசிரியையின் யோசனைப்படி ஒரு இரோமுஜி வாங்கினேன். இது சித்திரமே இல்லாத ஒற்றை நிறக் கிமோனோ. என்னுடையது சாம்பல் கலந்த ஊதா. முதுகில், கழுத்துக்குக் கீழே, ஒரேயொரு சின்னம். எனக்கு ஜப்பானியக் குலச்சின்னம் ஏது? வாடகைக் கிமோனோக்களில் எல்லோருக்கும் பொதுவாக இடப்படும் பவுலோனியா மலரையே இட்டுக்கொண்டேன். நிறத்தைவிட முக்கியமாக ஆசிரியை பார்த்தது, துணியிலேயே நெய்யப்பட்டு வெளிச்சத்தில் மட்டும் தெரியும் உருவத்தைத்தான். கொக்கு, ஆமை போன்ற மங்கல உருவங்கள் நெய்த துணி துக்கத்துக்கு உதவாது. ஓடும் நீர், அலை, மேகம் இரண்டுக்கும் பொருந்தும். என் துணியில் ஓடுவது நீர்.

திருமண விருந்துக்கு அதன்மேல் ஃபுகுரோ ஓபி கட்டினேன். நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பொன்னிழைப் பட்டையை முதுகில் இரட்டை மடிப்பாகக் கட்டுவார்கள், மகிழ்ச்சி இரட்டிக்கட்டும் என்பதற்காக. தைகோ எனப்படும் இந்தப் பெட்டி போன்ற கட்டு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோவின் (இன்றைய டோக்கியோ) கமெய்தோ கோயிலில் வளைந்த பாலம் திறக்கப்பட்டபோது, அதன் வடிவைப் பார்த்துக் கெய்ஷாக்கள் கட்டிக்கொண்டதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஓபியின் நடுவே கட்டும் ஓபிஜிமே கயிறு அன்று வெள்ளையும் பொன்னுமாக இருந்தது. அதன் இரு குஞ்சங்களும் மேல்நோக்கி நிற்கும்படி ஆசிரியை செருகிவிட்டார்.

அந்தக் குஞ்சங்களின் பொருள் எனக்கு விளங்கியது ஓராண்டு கழித்து, ஒரு நண்பரின் தந்தைக்கு நடந்த நினைவுச் சடங்கின்போது. அதே இரோமுஜி, ஆனால் கறுப்பு நகோயா ஓபி. இது ஃபுகுரோவைவிடக் குட்டையானது. தைஷோ காலத்தில் (1912–1926) நகோயாவில் பெண்கள் பள்ளி நடத்திய கோஷிஹாரா ஹருகோ வடிவமைத்தார் என்பது பரவலான செய்தி. துக்கம் இரட்டிக்கக் கூடாது என்பதால் கட்டு ஒற்றை மடிப்பு. கயிறும் கறுப்பு. பழக்கதோஷத்தில் குஞ்சங்களை நான் மேல்நோக்கிச் செருகியிருந்தேன். புறப்படும் நேரத்தில் ஆசிரியை எதுவும் பேசாமல் என் இடுப்பருகே குனிந்து, இரண்டையும் உருவிக் கீழ்நோக்கித் திருப்பிச் செருகினார். உண்மையான இறுதிச் சடங்கில் குடும்பத்தார் உடுத்துவது ஐந்து சின்னங்கள் கொண்ட முழுக் கறுப்பு. வெளியாளான நான் அந்த அளவுக்குப் போவது, என் துக்கத்தை அவர்கள் துக்கத்துக்கு மேல் வைப்பதாகிவிடும்.

தேநீர்ச் சடங்குக்குக் கட்டும் மூன்றாவது ஓபி அடங்கிய நிறத்தில் நெய்யப்பட்ட நகோயா. அங்கே எதை உடுத்துவது என்பதைவிட எதைக் கழற்றுவது என்பதே பெரிய விஷயம். மோதிரம், கைக்கடிகாரம், ஓபிஜிமே கயிற்றில் கோக்கும் ஓபிதொமே என்ற அணி எல்லாம் வெளியே இருக்க வேண்டும். கிண்ணம் நூறாண்டுப் பழமையானதாக இருக்கலாம், ஒரு கீறல் போதும். வாசனைத் திரவியமும் கூடாது, அறையில் அகிற்புகை இருக்கும். தெருவில் போட்டு நடந்த தாபி காலுறையை வாசலில் மாற்றிக்கொள்ள இன்னொரு வெள்ளைச் சோடி பையில் வேண்டும். மடித்து உட்காரும்போது முழங்காலருகே முன்தலைப்பு விலகாமல் இருக்க, வழக்கத்தைவிடச் சற்று ஆழமாகச் சுற்றிக் கட்டுவதும் இதற்கென்றே கற்ற வித்தை.

நான்காவது ஓபி எனக்கு மிகவும் பிடித்தது: வழுவழுப்பான வெண்பட்டில் பிளம் மலர்க் கிளை ஒன்றை வண்ணத்தில் தீட்டியது. கின்ஸாவில் உள்ள கபுகி நாடக அரங்கமான கபுகிஸாவுக்கும் நண்பர்களுடனான விருந்துக்கும் இதைக் கட்டுவேன். அரங்கத்துக்குப் போகும்போது உயரமாக எழும் கட்டு வேண்டாம்; பின்வரிசைக்காரருக்கு மறைக்கும், நமக்கும் சாய முடியாது. மலர் ஓபிக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இயற்கையில் பூக்கும் முன்பே அதைக் கட்டிவிட வேண்டும். மரத்தில் பூ வந்துவிட்டால், அதோடு போட்டியிடுவது அழகன்று என்று பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். சற்று மிகையான நயம் என்று முதலில் நினைத்தேன். இப்போது பிளம் எப்போது பூக்கும் என்று நாட்காட்டியைப் பார்ப்பவள் நானே.

எந்த ஓபியானாலும் அடியில் உள்ள வேலை மாறுவதில்லை. இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். 719-ஆம் ஆண்டு அரசாணையே இதை வகுத்தது. மாற்றிச் சுற்றுவது பிணத்துக்கு. கிமோனோ உடுத்துபவரின் உயரத்துக்கே நீளமாக இருப்பதால், மிகுந்ததை இடுப்பில் மடித்து ஓபிக்குக் கீழே ஒரு விரல் நீளம் தெரியவிட வேண்டும். கழுத்தின் பின்புறம் ஒரு முஷ்டி நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கியிருந்தால் துவாலை சுற்றி நிரவ வேண்டும். உடல் உருளை வடிவமாக இருந்தால்தான் துணி சுருங்காமல் நிற்கும். முதல் ஆறு மாதம் எனக்கு அந்த மடிப்பு ஒரு நாளும் நேராக வந்ததில்லை.

ஆண்களின் பாடு எளிது: விசேஷத்துக்கு ஐந்து சின்னக் கறுப்புக் கிமோனோவும் அதன்மேல் ஹாகாமா எனும் அகன்ற மடிப்புக் கீழாடையும், மற்ற நாட்களில் ஒடுங்கிய ஓபியை இடுப்பெலும்பின் மேல் தாழக் கட்டினால் முடிந்தது. பருத்தி யுகாதா குளியலுக்குப் பின் அணிந்த உடையிலிருந்து வந்தது. வெறுங்காலில் கெதா எனும் மரச்செருப்பைப் போட்டு வாணவேடிக்கை பார்க்கப் போவதற்கு அதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் அதை அணிந்து கல்யாணத்துக்குப் போனால், குளியலறையிலிருந்து வந்தது போலத்தான்.

வழிக்கு வராதது பருவம். அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்தது. ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது. ஜூலை, ஆகஸ்டில் காற்றோடும் மெல்லிய ரோ அல்லது ஷா. வெயில் கூடிவிட்டதால் மே மாதமே உள்துணியை விட்டுவிடுவோர் இப்போது பெருகிவிட்டனர், ஆனால் தேநீர் அறையும் திருமண மண்டபமும் இன்னும் நாட்காட்டியைத்தான் பின்பற்றுகின்றன. என் இரோமுஜி உள்துணி வைத்தது. மே முடிந்ததும் ஓர் இரவு நிழலில் தொங்கவிட்டு, காகித உறையில் மடித்து வைத்துவிடுவேன். இந்த ஜூலையில் ஒரு தேநீர் அழைப்பு வந்திருக்கிறது. ஆசிரியை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார். நான் பழைய துணிச் சந்தையில் ரோ தேடிக்கொண்டிருக்கிறேன். ஓஷிமா ட்சுமுகியோ, குளிர் காலம் முழுவதும் என்னோடு காய்கறி வாங்கப் போய்வந்துவிட்டு, இப்போது அதன் பெட்டியில் தூங்குகிறது.