நடு சிலிண்டர்

ஜூன் 6

படகு மோட்டார் ஸ்லோவில் (குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போது) நடுங்குகிறது. முழு வேகத்தில் ஓடினாலும் முன்பு இருந்த இழுப்பு இல்லை. மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் வகை, கார்புரேட்டர் உள்ளது. பிளக் மாற்றியாச்சு, பெட்ரோல் புதுசு, மூன்று ஒயரிலும் பொறி பளிச்சென்று வருகிறது. கார்புரேட்டரைக் கழற்றலாமா என்று கை துறுதுறுக்கிறது, ஆனால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) தெரியாமல் அதில் கை வைக்க மாட்டேன். சிலிண்டர் அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் கார்புரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் பயனில்லை. நாளைக்கு அழுத்தம் அளக்கும் கேஜ் எடுக்க வேண்டும்.

ஜூன் 7

இன்று அளக்கவே இல்லை, தயார் செய்ததோடு சரி. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ஆபத்து வருவதும் அளவு தப்பாக வருவதும் இந்த இடத்தில்தான்.

முதலில் ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டேன். கியர் நியூட்ரலில்தானே இருக்கிறது என்று பலர் விட்டுவிடுவார்கள், நான் விடுவதில்லை. வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்தேன், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள குழியில் காற்று அடித்துச் சுத்தம் செய்தேன். அங்கே கிடக்கும் மணலும் துருவும் பிளக் வெளியே வந்த அடுத்த நொடி உள்ளே விழும்.

அடுத்தது பிளக் ஒயர்கள். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். மூன்று ஒயரின் முனையையும் முதலைக் கிளிப் போட்ட ஒயரால் எஞ்சின் உலோகத்தோடு சேர்த்து எர்த் செய்தேன், எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றையும் உருவிவிட்டேன். பெட்ரோல் குழாயைக் கழற்றினாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும், செல்ஃப் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது பிளக் ஓட்டை வழியாகப் பனி மாதிரி வெளியே பீய்ச்சும். அந்தப் பக்கத்தில் ஒரு ஒயர் தொங்கிக்கொண்டு பொறி அடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பல வருடங்களுக்கு முன்பு ஒருவர் இப்படித் தொங்கவிட்டு செல்ஃப் அடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒயர் முனையில் நீலப் பொறி சடசடவென்று ஓடியது, நல்லவேளை பற்றவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எர்த் கிடைக்காமல் பொறி அடித்தால் இக்னிஷன் காயிலும் பெட்டியும் கெடவும் வாய்ப்புண்டு.

தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாச்சு. எல்லாம் திறந்த வெளியில்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மூடிய கொட்டகையில் தரையோடு படர்ந்து நிற்கும்.

ஜூன் 8

அளந்தேன். மேல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 92, 71, 90 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு).

மூன்றுமே குறைவு. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் பெரும்பாலும் 90-லிருந்து 130 வரை பார்த்திருக்கிறேன், இந்த மோட்டாரில் முன்பு 120 பக்கம் வந்தது நினைவிருக்கிறது. மோட்டாரே போய்விட்டது என்று மனசு கொஞ்சம் உடைந்தது. உட்கார்ந்து யோசித்தபோது இரண்டு விஷயம் பிடிபட்டது. பேட்டரி 11.9 வோல்ட்தான் காட்டியது, நிறைந்திருந்தால் 12.6-க்குக் குறையாது. செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் சிலிண்டர் அழுத்தம் எழும்பாது. இன்னொன்று, லீவரை முழுக்கத் தள்ளினாலும் நியூட்ரலில் திராட்டில் முழுசாகத் திறக்காதபடி இந்த மோட்டாரில் தடை இருக்கிறது. நான் தள்ளியது தள்ளியதுதான், உள்ளே காற்றை விடும் பட்டாம்பூச்சித் தகடு பாதி மூடித்தான் இருந்தது. காற்று போகாத சிலிண்டரில் எதை அழுத்துவது?

பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டேன்.

ஜூன் 10

காலையில் தண்ணீர்க் குழாயை மாட்டி, பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டுச் சூடாக்கினேன். தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள், குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் கருகிவிடும். சூடு தொடும் அளவுக்கு ஆறியதும் பிளக்கைக் கழற்றினேன். சிலிண்டரை மூடும் அலுமினிய ஹெட் கொதிக்கும்போது அதில் பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வரலாம்.

மறுபடி எர்த், கயிறு, பெட்ரோல் குழாய் எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேஜைக் கையால் மட்டும் இறுக்கினேன், அதன் முனை பிளக்கின் மரையைவிட நீளமில்லை என்று முன்பே ஒப்பிட்டுக்கொண்டேன், நீளமாக இருந்தால் பிஸ்டன் வந்து முட்டும். ரப்பர் கூம்பை ஓட்டையில் கையால் அழுத்திப் பிடிக்கும் கேஜும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, சுற்றும் எஞ்சினுக்கு மேல் கை போகிறது, காற்றும் கசிகிறது.

தம்பி சாவியில் இருந்தான். நான் திராட்டில் இணைப்பை முழுக்கத் திறந்து ஒரு கம்பியால் கட்டிவிட்டு, எஞ்சின் உச்சியில் சுற்றும் ஃபிளைவீல் சக்கரத்தை விட்டுத் தள்ளி நின்றேன். "அண்ணே, அடிக்கவா?" என்று கேட்டு, நான் சரி என்ற பிறகுதான் அடிக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு அழுத்தம், அதாவது பிஸ்டன் ஆறு தடவை மேலேறி அழுத்தும் வரை, முள் அதற்கு மேல் ஏறாது. நடுவில் செல்ஃபுக்கு ஓய்வு.

121, 94, 119.

பாருங்கள், முதல் நாள் எண்கள் தப்பாக இருந்தாலும் விகிதம் தப்பவில்லை. அன்றும் நடு சிலிண்டர் மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கீழே, இன்றும் அதே. தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். 10, 15 சதவீதம் வரை பொறுக்கலாம், இது தாண்டிவிட்டது.

முடிந்ததும் முதல் வேலையாகத் திராட்டில் கம்பியை அவிழ்த்தேன். அதை மறந்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அலறிக்கொண்டு எழும்பும்.

தம்பி தன் சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக்கை இதே கேஜில் அளந்தபோது குறைவாக வந்ததாம், கவலைப்படுகிறான். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பல ஃபோர்-ஸ்ட்ரோக்குகளில் இழுக்க எளிதாக இருக்க வால்வைச் சற்றே தூக்கி அழுத்தத்தை வெளியேற்றும் அமைப்பு உண்டு, அதனால் கேஜ் குறைவாகத்தான் காட்டும் என்றேன். அதற்குக் காற்றை உள்ளே செலுத்திக் கசிவு பார்க்கும் சோதனைதான் சரி.

ஜூன் 11

நடு சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தேன். அவுட்போர்டில் சிலிண்டர் படுத்திருக்கிறது, எண்ணெய் அடிப்பக்கமே தேங்கிவிடும். அதனால் ஃபிளைவீலைக் கையால், அது வழக்கமாக ஓடும் திசையில் மட்டும், சில சுற்றுகள் சுற்றிப் பரப்பினேன். பின்பக்கமாகச் சுற்றினால் இம்பெல்லர் இறக்கைகள் மடங்கும்.

94 இருந்தது 112 ஆனது. எண்ணெய் இடைவெளியை அடைத்ததும் ஏறியது என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம்தான் கசிகிறது, ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. பிஸ்டன் தலையும் கருப்பாகத்தான் இருக்கிறது. தண்ணீர் புகுந்திருந்தால் கழுவியது போல் பளபளத்திருக்கும். சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன், சுவரில் கீறல் எதுவும் தெரியவில்லை. கரி பிடித்து ரிங் ஒட்டியிருக்கும் என்றே நம்புகிறேன்.

ஜூன் 13

மோட்டாரை முழுக்க மேலே தூக்கினால் பிளக் ஓட்டைகள் வானத்தைப் பார்க்கும், ஊற்றும் திரவம் பிஸ்டன் தலையிலேயே நிற்கும். நடு பிஸ்டனை மேலே கொண்டுவந்து வைத்தேன், இல்லையென்றால் புகைபோக்கும் துவாரம் வழியாக எல்லாம் வழிந்துவிடும். கரி கரைக்கும் திரவம் விட்டேன். மாலையில் கொஞ்சம் இறங்கியிருந்தது, இன்னும் கொஞ்சம் சேர்த்தேன்.

ஜூன் 14

தொடவில்லை, ஊறட்டும்.

ஜூன் 15

மோட்டாரைக் கீழே இறக்கி, ஓட்டைகளைத் துணியால் மூடி, நேர் எதிரே யாரும் நிற்காமல் செல்ஃப் அடித்தோம். துணி கருப்பாக நனைந்தது. பழைய பிளக்கைப் போட்டுத் தண்ணீரோடு ஓடவிட்டேன், அரை மணி நேரம் ஒரே புகை. ஆறவிட்டு, மறுபடி எல்லா எர்த்தும் போட்டு, அதே பேட்டரி, அதே ஆறு அழுத்தம்.

120, 110, 119.

ஸ்லோ நடுக்கம் பெருமளவு அடங்கிவிட்டது. புதிய பிளக்குகளைக் கையால் மரை பிடித்து உட்காரவைத்து, அப்புறம் அரைச் சுற்று இறுக்கினேன். ப்ரொப்பல்லரை மாட்டியாச்சு. மேல்மூடியின் உட்பக்கத்தில் மூன்று எண்களையும் தேதியோடு மார்க்கரால் எழுதிவிட்டேன், இருபது மணி நேரம் ஓடிய பிறகு நடு சிலிண்டரை மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுத இடம் விட்டிருக்கிறேன்.