நாடி 88தான், ஆனா மாத்திரை சீட்ட பாத்தீங்களா

நேத்து நைட் ட்யூட்டில ஒரு நோயாளியோட மானிட்டர்ல வந்த துடிப்பு இடைவெளிய ஒண்ணொண்ணா பாத்துட்டு இருந்தேன். 682, 681, 683, 682... மில்லிசெகண்ட் கணக்குல. டிக் டிக்குன்னு கடிகாரம் மாதிரி. நல்லா இருக்கற இதயம் இப்படி அடிக்கவே அடிக்காதுங்க, மூச்சு இழுக்கும்போது லேசா வேகமாகும், விடும்போது மெதுவாகும், இதயத்த மெதுவாக்கற வேகஸ் நரம்பு ஒழுங்கா இருக்குன்னா இந்த ஏத்த இறக்கம் இருக்கும், இதத்தான் எச்ஆர்வி (ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி)ன்னு சொல்றோம். செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றால உடம்பு தாறுமாறாகி உறுப்புங்க கெடற நிலை, வந்தா இது படுத்துடும்.

ஆனா அவருக்கு நாடி 88தான்! பிபிக்கு வருஷக்கணக்கா மெட்டோப்ரொலால் போடறவர், அது நாடிய குறைக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை. செப்சிஸ கண்டுபிடிக்க 1992ல வந்த SIRS அளவுகோல் 90க்கு மேல போனாதான் நாடிய கணக்குல எடுக்கும், அதனால அந்த கட்டத்துல டிக் விழல. மாத்திரை இல்லன்னா 120 தாண்டியிருக்கும்னு எனக்கு தோணுது.

சரி, எச்ஆர்வியாவது உண்மைய சொல்லுமான்னா அங்கயும் வம்புதான். பீட்டா பிளாக்கர் பொதுவா எச்ஆர்விய ஏத்தும், செப்சிஸ் இறக்கும், ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது நடுவுல வர்ற நம்பர வெச்சு என்னத்த முடிவு பண்றது? பீட்டா பிளாக்கர் ஏத்தறதுலயும் ஒரு பகுதி வெறும் கணக்குதான். நாடி 60லேந்து 55 ஆனா இடைவெளி 1000லேந்து 1091 ஆகுது, 91 மில்லிசெகண்ட் வித்தியாசம். அதே அஞ்சு துடிப்பு, 120லேந்து 115ன்னா? 500லேந்து 522, வெறும் 22. நரம்புல ஒண்ணும் மாறாட்டியும் நாடிய குறைச்சாலே எச்ஆர்வி நல்லா தெரியும். இதனாலதான் நாடிய குறைக்கற ஐவாப்ரடின் குடுத்து நம்பர் ஏறுனா நான் உடனே சந்தோஷப்படறதில்ல, அது இதயத்துல துடிப்பு பொறக்கற இடமான சைனஸ் நோட்லயே நேரா போய் வேலை பாக்கற மருந்து. டிகாக்ஸின்ங்கற இதய மருந்து வேற கதை, அது நெஜமாவே வேகஸ தூண்டிவிடும். இதயத்தோட மேல் அறைங்க ஒழுங்கில்லாம துடிக்கற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்துட்டா எச்ஆர்விய மறந்துடுங்க, துடிப்பு கன்னாபின்னான்னு வர்றத மெஷின் "ஆஹா எவ்ளோ வேரியபிலிட்டி"ன்னு காட்டும்.

பச்சக்குழந்தைங்கள்ட்ட இந்த குழப்பம் ரொம்ப கம்மி, அதுங்க யாரு பீட்டா பிளாக்கர் போடறாங்க. 2011ல ரொம்ப எடை கம்மியா பொறந்த 3003 குழந்தைங்க மேல நடந்த ஆய்வுல, துடிப்பு மாற்றத்த வெச்சு எச்சரிக்கற மானிட்டர டாக்டருங்களுக்கு காட்டுனப்ப இறப்பு 10.2 சதவீதத்துலேந்து 8.1க்கு இறங்குச்சு. பெரியவங்களுக்கு அத அப்படியே தூக்கிட்டு வரமுடியாதுன்னுதான் நான் நினைக்கறேன்.

அப்போ செப்சிஸ்ல பீட்டா பிளாக்கர் நல்லதா கெட்டதா? 2013ல 154 பேருக்கு எஸ்மலால்ங்கற பீட்டா பிளாக்கர் வெச்சு ஆய்வு பண்ணி நாடிய 80லேந்து 94க்குள்ள வெச்சாங்க, பலன் பிரமாதம்னு வந்துச்சு, எல்லாரும் குஷியாயிட்டோம். 2023ல லேண்டியோலால்ங்கற இன்னொரு பீட்டா பிளாக்கர் ஆய்வு 126 பேரோட பாதியிலயே நின்னுபோச்சு, கெடுதல் வரலாம்னு அறிகுறி தெரிஞ்சதால.

காலைல ஹேண்ட்ஓவர் குடுக்கும்போது எச்ஆர்வி நம்பருக்கு பக்கத்துலயே கடைசி மெட்டோப்ரொலால் எத்தன மணிக்கு போட்டாருன்னு எழுதி ரெண்டு கோடு போட்டேன். அடுத்து வந்தவரு "இது எதுக்குப்பா இங்க"ன்னாரு. உக்காருங்க சொல்றேன்னேன்.