டோனி லீயைப் பார்க்க வந்தவர்

2016 ஜூலை 22, ரஜினியின் ‘கபாலி’ வெளியான அன்று, மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது லயத்தை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு டவுனுக்கு வந்துவிட்ட குடும்பங்களும் பாட்டி, பேரப்பிள்ளை சகிதம் வந்திருந்தன.

வாசலில் நிற்கிறவளுக்குப் படம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆனால் ஜனங்களின் சத்தம் முழுசாகக் கேட்கும். ரஜினி சிறையிலிருந்து வெளியே வரும்போது விசிலில் காது அடைத்துவிடும். பழைய கதையில், தோட்டத்தில் சம்பளம் கேட்டுப் போராடும் இடம் வந்ததும் அரங்கமே அடங்கிப்போகும். நான் நின்ற எல்லாக் காட்சிகளிலும் அப்படித்தான். நானும் லயத்து வீட்டில் பிறந்தவள். அந்த அமைதியில் எனக்கும் தொண்டை அடைத்தது.

வில்லன் டோனி லீ வாயைத் திறந்தால் மட்டும் சிரிப்பு. நடித்தவர் தைவான்காரர், வின்ஸ்டன் சாவ். குரல் வேறொருவருடையது, உதடு ஒரு பக்கம் போக, தமிழ் ஒரு பக்கம் போனது. “எந்தச் சீனன்டா இப்படித் தமிழ் பேசுறான்?” என்றான் ஒரு பையன். “ஏன், நம்ம கடைத் தவுக்கே பேசலியா?” என்று அவன் பாட்டி கேட்டார்.

அந்தத் தவுக்கேயை, சீனக் கடை முதலாளியை, எனக்கும் தெரியும். தோட்டத்து முச்சந்தியில் மளிகைக் கடை வைத்திருந்தார். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் ‘555’ என்ற சின்னக் கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதி வாங்குவோம், சம்பளத்தன்று தீர்ப்போம். கணக்கில் கூட்டி எழுதுகிறார் என்று லயத்தில் பேச்சும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அப்பா கையில் அடிபட்டு வேலைக்குப் போகாத இரண்டு மாதமும் அவர் புத்தகத்தை மூடவில்லை. “பதினேழு வெள்ளி பாக்கி பாப்பா, அப்பாக்கிட்ட சொல்லு” என்பார். அசல் லயத்துத் தமிழ்.

மூன்றாம் நாள் அவரே தனியாக வந்தார். “பாப்பா, இங்கயா வேல?” என்று டிக்கெட்டை நீட்டினார். படம் முடிந்து கடைசி ஆளாக வெளியே வந்தவர், போஸ்டரில் வின்ஸ்டன் சாவின் முகத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இது யாரு தெரியுமா? சன் யாட் சென்.”

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். சன் யாட் சென் சீனாவில் மன்னராட்சியை ஒழிக்கப் போராடிய புரட்சித் தலைவர். இந்த நடிகர் சீனப் படங்களில் பலமுறை அவராக நடித்தவராம். 2007இல் வந்த ஒரு படம், சன் யாட் சென் பினாங்கில் இருந்த நாட்களைப் பற்றியதாம். 1910இல் அவர் பினாங்கில் தங்கித்தான் சீனாவில் குவாங்சோ நகர எழுச்சிக்குத் திட்டம் போட்டார், பணம் திரட்டினார். பட்டர்வொர்த் போய் பெர்ரி ஏறினால் அந்த ஊர். “எங்களுக்கு அவரு காந்தி மாரி. இதுல குண்டரு ஆக்கிட்டாங்க,” என்றார். கோபம் தெரியவில்லை, முகம் மட்டும் வாடியிருந்தது.

“படம் புடிக்கலையா தவுக்கே?”

“தோட்டத்து சீன் நல்லாருக்கு. நெசம். சம்பளம் பத்தாத மாசம், என் புத்தகத்துலயும் தெரியும்.”

சீன நடிகரை அழைத்து வந்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய நடிகருக்குக் கோட்டும் முறைப்பும் மட்டும் கொடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. தோட்டத்தைக் காட்டிய கதையில் அந்த முச்சந்திக் கடைக்கு ஒரு காட்சி இருந்திருக்கலாம். மலேசியாவில் காட்டிய பிரதியில் கடைசியில் கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்துப் போட்டார்கள். அதைப் பற்றித்தான் வெளியே வந்தவர்கள் எல்லோரும் சண்டை பிடித்தார்கள். டோனி லீயைப் பற்றி என்னிடம் பேசியவர் தவுக்கே ஒருவர்தான்.

மறு வாரம் அவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. டார்ச் அடித்து உட்கார வைத்தேன். டோனி லீ பேசத் தொடங்கியதும் வழக்கம்போல் அரங்கம் சிரித்தது. அந்த அம்மா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, எட்டித் திரையில் அந்த நடிகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.